சாயங்காலம் ஆனா "வீட்டுக்குப் போகணும்": டிமென்ஷியா அம்மாவைப் பார்த்துக்கிறவங்க இங்க எழுதுங்க

அங்மோகியோ மகள்

டிமென்ஷியாங்கிற மறதி நோய் என்னன்னு இங்க யாருக்கும் பாடம் வேண்டாம், நேரா வர்றேன். மாலை ஆறரை. ரெண்டு சேலை, ஒரு துண்டு, முருகன் படம், எல்லாம் தலையணை உறைக்குள்ள. முடிச்சுப் போட்டுக் கையில பிடிச்சுக்கிட்டு எங்க அம்மா வாசல் கேட்டுப் பக்கத்துல நிக்கிறாங்க. "இருட்டிடுச்சு, அம்மா தேடுவாங்க, வீட்டுக்குப் போகணும்." கம்பியைப் பிடிச்சிருந்த அந்தக் கை நடுங்கினது இன்னும் மனசை விட்டுப் போகல.

"இதுதாம்மா உங்க வீடு"ன்னு சொன்னா கோபம் ஏறும். அவங்க தேடுறது சின்ன வயசுல இருந்த நேவல் பேஸ் (கடற்படைத் தளம்) குவார்ட்டர்ஸ் வீடு. அதை எங்க போய்க் காட்டுறது? அதனால பேச்சை விட்டுட்டு நேரத்தைக் கவனிக்கணும். நம்ம சிங்கப்பூர்ல வருஷம் பூரா ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாயுது. ஆறு மணிக்கே கூடத்து விளக்கு எல்லாத்தையும் போட்டுடணும். வெளியே இருட்டினதும் சன்னல் கண்ணாடியில அவங்க உருவமே தெரியும், "யாரோ நிக்கிறாங்க"ம்பாங்க. அதுக்கு முன்னாடியே திரையை இழுத்து விடணும். அஞ்சு மணிக்கு வயித்துக்கு ஏதாவது கொடுத்து, பாத்ரூம் கூட்டிட்டுப் போய் வந்துடணும். பசியும் முட்டிக்கிட்டு வர்ற சிறுநீரும் "வீட்டுக்குப் போகணும்"ங்கிற வார்த்தையாத்தான் வெளியே வரும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல வேண்டாம். கோப்பி காலையில மட்டும். டிவி செய்தியை நிறுத்திட்டு ஒலி 96.8 வானொலியைச் சின்னதா வைக்கலாம்.

அப்படியும் மூட்டை கட்டிட்டாங்களா, செருப்பைப் போட்டு விடுங்க. லிஃப்டுல இறங்கி அடுக்குமாடி புளோக்கை ஒரு சுத்து சுத்தி மேல வந்து, "வந்துட்டோம், கால் கழுவிட்டு உள்ள போலாம்"னு சொல்லுங்க. கால் கழுவிட்டு நுழையுற பழக்கம் மறதியில சீக்கிரம் போறதில்ல.

கோப்பி ஓ கொசோங்

புளோக்கைச் சுத்துறது சரி. எல்லாரும் தூங்குறப்போ தானா இறங்கிட்டா? விடியற்காலை அஞ்சரை, முதல் பஸ், பஸ் இன்டர்சேஞ்ச்ல பெஞ்சுல எங்க அம்மா உட்கார்ந்திருக்காங்க. ஊழியர் பேர் கேட்டா சிரிக்கிறாங்க, பேர் சொல்லல. கழுத்துல அட்டை இருந்ததால ஆச்சு.

அட்டைன்னா டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்போட காரா செயலி தர்றது. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் பண்ணினா வீட்டுக்குத் தொடர்பு கிடைக்கும். பைக்குள்ள வைக்காதீங்க, பையை எங்கயாவது வச்சிடுவாங்க. ரவிக்கை உள்பக்கம் தொலைபேசி எண்ணைத் துணி லேபிள்ல தைச்சு விடுங்க. தினமும் காலையில உடுத்தினதும் போன்ல ஒரு முழுப் படம். பதற்றத்துல நமக்கே சேலை கலர் ஞாபகம் வராது. காணோம்னா போலீஸ் 999க்கு உடனே கூப்பிடுங்க. 24 மணி நேரம் காத்திருக்கணும்ங்கிறது கட்டுக்கதை.

வாசல்ல, கதவு திறந்தா மணி அடிக்கிற காந்த சென்சார் ஒட்டுங்க. ஒரு துண்டு கதவுல, ஒரு துண்டு நிலையில. இடைவெளி அதிகமானா பல மாடல் வேலை செய்யாது, இரும்புக் கேட்டுல நேரா ஒட்டினா காந்தமும் தடுமாறும். அதனால உள்பக்க மரக்கதவுல, தலைக்கு மேல ஒட்டணும். மணியை அவங்க காதுல விழாம உங்க அறையில வைங்க, சத்தம் கேட்டா பயந்து இன்னும் வேகமா போவாங்க. இதெல்லாம் வேண்டாம்னா ராத்திரி கேட்டுக்குப் பெரிய பூட்டு, சாவி நம்ம தலைமாட்டுல. முடிஞ்சது.

முன்னாள் தாதி

மேலே உள்ளவர் கடைசி வரியில் எழுதியதை யாரும் செய்ய வேண்டாம். பூட்டிய கேட், தூங்குபவர் தலைமாட்டில் சாவி, நள்ளிரவில் அடுப்படியில் புகை. யோசித்துப் பாருங்கள். பூட்டத்தான் வேண்டும் என்றால் சாவி கதவருகிலேயே இருக்கட்டும்: அவர் கண் போகாத உயரத்தில், வீட்டில் மற்ற எல்லாருக்கும் தெரிந்த ஆணியில். பகலில் அவரைத் தனியாக விட்டுப் பூட்டிப் போவது எந்த நிலையிலும் கூடாது. கதவு மேல் சுவரின் நிறத்திலேயே ஒரு திரை தொங்கவிட்டால் பலருக்கு அது கதவாகவே தோன்றாது. வாசலில் கறுப்பு மிதியடி போடும் யோசனையும் சுற்றி வருகிறது. குழி என்று நினைத்துத் தாண்டப் பார்த்து விழுவார்கள், அதைத் தவிருங்கள்.

அடுப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். குழாய் எரிவாயு என்றால் அடுப்புக்குப் போகும் வால்வை, சிலிண்டர் என்றால் ரெகுலேட்டரை, ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் அடையுங்கள். அடுப்புக் குமிழைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு, ஆனால் இடுக்கி வைத்துத் திருப்பும் அம்மாக்களும் உண்டு. இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் அவருக்கு அது அடுப்பாகவே தெரியாது. அதன் மேல் பிளாஸ்டிக் டப்பாவை வைப்பார். வேலை முடிந்ததும் சுவிட்சை அணையுங்கள்.

கோப்பி ஓ கொசோங்

ஆணியில சாவின்னா சரி. ஆனா எங்க அம்மா கண் போகாத உயரம்னு ஒண்ணு இந்த வீட்டுல இல்ல, முக்காலி போட்டு ஏறுவாங்க.

முன்னாள் தாதி

அப்படியானால் முதலில் முக்காலியை எடுத்துவிடுங்கள்.

செங்காங் மருமகள்

எல்லாரும் கதவைப் பத்தியே எழுதுறீங்க. எங்க வீட்ல குளியலறைதான். அத்தை உள்பாவாடை நாடாவை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "யாருடி நீ, என் துணியை அவுக்குறே"ன்னு கத்தினாங்க. அடுத்த வீட்டுக்காரங்க கதவைத் திறந்து பார்த்தாங்க. அவங்க பக்கம் நின்னு பாருங்க. முகம் தெரியாத ஒருத்தி வந்து துணியை அவிழ்க்கிறா, வேற என்ன செய்வாங்க?

முதல்ல நாடா போகணும். ஈரமாகி இறுகின முடிச்சு நம்ம விரலுக்கே அவிழாது. உள்பாவாடைக்கு எலாஸ்டிக் தைச்சுடுங்க. சேலைக்குப் பதிலா முன்னாடி ஜிப் வச்ச நைட்டி போட்டா தலைவழியா இழுக்க வேண்டாம், முகத்தை மூடினாத்தான் பயம் வரும். "குளிக்கிறீங்களா?"ன்னு கேட்டா பதில் எப்பவும் வேண்டாம்தான். "வாங்க அத்தை, வெந்நீர் ரெடி"ன்னு சொல்லிக் கையைப் பிடிக்கணும்.

ஹீட்டர் சுவிட்ச் வெளியே இருக்கிறதால சூட்டை நாமளே பார்த்து வச்சிடலாம், 38 டிகிரி வாக்குல போதும். தலைக்கு மேல ஷவர் வேண்டாம், கையில பிடிக்கிற ஷவரை மெதுவா வைங்க. பாதம், முழங்கால், கை, கடைசியா முதுகு. தோள்ல ஒரு துண்டு போர்த்தி அதுக்கு மேலயே தண்ணி விடலாம், மானமும் போகாது குளிரும் அடிக்காது. தலைக்குத் தனி நாள். நாற்காலி நாலு காலும் ரப்பர் வச்சதா இருக்கணும். வெள்ளை ஓடு, வெள்ளைச் சுவர், வெள்ளைப் பீங்கான்னு இருந்தா டாய்லெட்டே அவங்க கண்ணுக்குத் தெரியாது. சிவப்போ கருநீலமோ உட்காரும் பலகையை மாத்திப் பாருங்க, தரையில போறது குறையும்.

தினமும் குளிச்சே ஆகணும்னு நாத்தனார்கள் சொல்வாங்க. வாரத்துக்கு மூணு நாள் குளியல், மத்த நாள் துடைச்சு விடுறதுன்னு இருந்தா தோலுக்கு ஒண்ணும் ஆகாது. வேணும்னா அவங்களே வந்து குளிப்பாட்டட்டும்.

மூத்தவன்

அங்மோகியோ சகோதரி, "வந்துட்டோம்" என்று சொல்வது பொய்யல்லவா? பெற்ற தாயிடம் நாடகம் ஆடலாமா? அப்பா இறந்ததை மறந்து "எங்கே அவர்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்வதுதான் மரியாதை.

அங்மோகியோ மகள்

அண்ணே, அந்த உண்மையைச் சொன்னா அவங்களுக்கு அது முதல் தடவையா கேட்கிற சாவுச் செய்தி. அழுது முடிச்சு, மறந்து, அரை மணியில திரும்பக் கேட்பாங்க. திரும்ப ஒரு தடவை விதவையாக்கணுமா? பொய்யும் வேண்டாம். "அப்பா ஞாபகம் வந்துடுச்சா? அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?"னு கேட்டா பேச்சு சமையலுக்குப் போயிடும்.

ரெட்ஹில் மாமா

ஒட்டு மருந்து போடுறவங்க கவனிங்க. டிமென்ஷியாவுக்குத் தோல்ல ஒட்டுற ரிவாஸ்டிக்மின். காலையிலிருந்து வாந்தி, தலைசுத்து. சட்டையை மாத்துறப்போ பார்த்தா புதுசு கையில, நேத்து ஒட்டினது முதுகுல அப்படியே. பணிப்பெண்ணைத் திட்டக் கிளம்பாதீங்க, ஒட்டத்தான் சொல்லியிருப்போம், பழசை உரிக்கச் சொல்லியிருக்க மாட்டோம். ரெண்டு ஒட்டுன்னா ரெண்டு மடங்கு மருந்து, நாடித்துடிப்பு ரொம்ப இறங்கிடும். எல்லாத்தையும் உடனே உரிச்சு எடுத்துட்டு மருத்துவரைக் கூப்பிடுங்க. மயங்கினா ஆம்புலன்ஸ் 995.

முறை இதுதான்: பழசை உரி, ஒட்டுற பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு எறி, கை கழுவு, அப்புறம் புதுசு. அதுமேல பேனாவால தேதி எழுதணும். இடது மேற்கை, வலது மேற்கை, மேல் முதுகு, கீழ் முதுகுன்னு மாத்தி மாத்தி ஒட்டணும், அதே இடத்துக்கு 14 நாளைக்குள்ள திரும்பக் கூடாது. நல்லெண்ணெய் தேய்ச்ச இடத்துல ஒட்டாது. மூணு நாளுக்கு மேல விட்டுப்போச்சுன்னா பழைய அளவுல தொடராதீங்க, குறைஞ்ச அளவுல இருந்து மறுபடி தொடங்கணுமான்னு மருத்துவர்கிட்ட கேளுங்க. டிமென்ஷியாவுக்கே தர்ற டோனபெசில் மாத்திரை ராத்திரி போட்டுக் கெட்ட கனவு வந்தா, காலைக்கு மாத்தலாமான்னும் கேளுங்க.

சட்டம் தெரிஞ்சவன்

அம்மா பணிப்பெண்ணைத் திருடின்னு சொன்ன நாள் எனக்கு மறக்காது, அது இருக்கட்டும். நீங்க யாரும் காகித வேலையைப் பத்தி எழுதலையே. எல்பிஏ, அதாவது பின்னாடி தனக்காக முடிவெடுக்க ஒருத்தரை முன்கூட்டியே நியமிக்கிற பத்திரம், போட்டாச்சா? அதுக்கான மனத்திறன் சட்டம் 2008ல வந்தது. கையெழுத்துப் போடுற நாள்ல அம்மாவுக்கு அது என்னன்னு புரியணும். அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ மனநல மருத்துவரோ பேசிப் பார்த்துச் சான்றளிக்கணும். நோய் இருக்குன்னு சொன்னதாலயே தகுதி போயிடாது, ஆரம்பக் கட்டத்துல பலராலயும் முடியும். தள்ளிப்போட்டா அப்புறம் குடும்ப நீதிமன்றத்துல டெபியூட்டிக்கு (அம்மாவுக்காக முடிவெடுக்க நீதிமன்றம் நியமிக்கிறவர்) விண்ணப்பிக்கணும், செலவும் அலைச்சலும் தனி.

அரசு தர்ற வீட்டுப் பராமரிப்பு மானியம் 2019ல மாதம் 200 வெள்ளியில தொடங்கி, 2023ல 400 வரைக்கும், 2026 ஏப்ரல்ல இருந்து 600 வரைக்கும். குடும்ப வருமான வரம்பு உண்டு. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதுன்னு ஆறு செயல்ல மூணுக்கு எப்பவும் உதவி தேவைப்படணும். மதிப்பிட வர்றவர் முன்னாடி அம்மா நல்ல சேலை கட்டி "நானே எல்லாம் செய்வேன்"னு சொல்வாங்க! மறுத்துப் பேச வேண்டாம். ஒரு வாரம் நடந்ததைத் தாள்ல எழுதி வச்சுக் கொடுங்க. 67 வயசு ஆன பெரியவர் வீட்டுல இருந்தா, பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டுற மாதத் தீர்வை 300க்குப் பதிலா 60 வெள்ளி. பிடிமானக் கம்பி, வழுக்காத தரைக்கு வீவகவோட (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஈஸ் திட்டம். எல்லாத்துக்கும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு, 1800 650 6060.

செங்காங் மருமகள்

பயனுள்ள தகவல்தான், ஆனா யாரும் கேட்கல. திருடின்னு சொன்னப்போ என்ன செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க.

சட்டம் தெரிஞ்சவன்

நகையைக் காணோம்னு சொன்னா "யாரும் எடுக்கல"ன்னு சொல்லக் கூடாது, சேர்ந்து தேடணும். ஒளிச்சு வைக்கிற இடம் பெரும்பாலும் மாறாது: அரிசி டப்பா, சாமி மாடம், தலையணை உறை. அசல் தங்கம் லாக்கருக்குப் போகட்டும், வீட்டுல கவரிங் போதும். ஒரே மாதிரி பர்ஸ் ரெண்டு வாங்குங்க, ஒண்ணு தொலைஞ்சா மத்தது தயார். பணிப்பெண்கிட்ட, "இது நோய் பேசுது, உன்மேல சந்தேகம் இல்ல"ன்னு முதல் நாளே சொல்லிடுங்க.

பொங்கோல் தங்கை

ரசஞ்சாதம். மூணு வாய் சாப்பிட்டு நாலாவதுல இருமல், முகம் சிவந்து, மூச்சு வாங்கி... அதுக்கப்புறம் ரசத்தைப் பார்த்தாலே எனக்குப் படபடப்பு. நோயாளிக்கு இதைவிட இதமான சாப்பாடு இல்லன்னு எல்லாரும் சொல்றோம். விழுங்கச் சிரமப்படுறவங்களுக்கு அதுதான் ஆபத்து. ரசம் முதல்ல தொண்டைக்குள்ள ஓடிடும், சோத்துப் பருக்கை வாயில நிக்கும். ரெண்டு வேகத்தை ஒரே வாய்ல அவங்களால சமாளிக்க முடியாது. முருங்கைக்காய் நார், உதிர்ந்த இட்லி, மேல வடை மிதக்கிற சாம்பார், இதுக்கும் அதே கதை.

விழுங்குறதையும் பரிசோதிக்கிற பேச்சுச் சிகிச்சையாளர், சாப்பாடு, பானத்தோட பதத்தைத் தரம் பிரிக்கிற ஐடிடிஎஸ்ஐ முறையில 0லிருந்து 7 வரை ஒரு நிலை சொல்வார். நிலை 5ன்னா துண்டு 4 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, சோறு பருக்கையா பிரியவும் கூடாது, பசையா ஒட்டவும் கூடாது. குழைஞ்ச சோத்தைப் பருப்போட கெட்டியா மசிச்சா பெரும்பாலும் சரியா வரும். முள்கரண்டியால அழுத்தினா லேசா நசுங்கணும். நிமிர்ந்து உட்கார வச்சு, சின்னக் கரண்டி, விழுங்கினது தெரிஞ்சப்புறம் அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி படுக்கக் கூடாது. வாயில மிச்சம் இருக்கான்னு விரல் விடாம, வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க. கடிச்சுடுவாங்க.

முன்னாள் தாதி

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்று வரை ஓரளவு பேசியவர் இன்று திடீரென்று தூங்கிக்கொண்டே இருக்கிறார், அல்லது இல்லாத பூச்சியைப் பிடிக்கிறார் என்றால், "நோய் முற்றிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். டிமென்ஷியா ஒரே நாளில் அப்படி இறங்காது. சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, பல நாள் மலச்சிக்கல், தண்ணீர்க் குறைவு, புது மருந்து என ஏதோ ஒன்று இருக்கும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் தொற்று இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இருமலுக்கு வாங்கும் மருந்தில் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் இருக்கிறதா என்று புட்டியைப் பாருங்கள், இரண்டுமே குழப்பத்தைக் கூட்டும். மருந்தாளரிடம் நோயின் பெயரைச் சொல்லியே வாங்குங்கள்.

ரெட்ஹில் மாமா

பொங்கோல் தங்கைக்கு ஒரு கேள்வி. விழுங்கச் சிரமப்படுறவங்களுக்குப் பானத்தைக் கெட்டியாக்குற பொடியைப் பால் கோப்பியில போட்டா ஒண்ணும் ஆகல, இன்னும் ஒரு கரண்டி போட்டா கூழாகிடுது. ஏன்?

பொங்கோல் தங்கை

பால்ல அது மெதுவாத்தான் கெட்டியாகும் மாமா. டப்பாவுல உள்ள அளவைப் போட்டு, முள்கரண்டியால நல்லா அடிச்சுக் கலக்கி, பத்து நிமிஷம் தொடாம விடுங்க, அப்புறம் ஒரு தடவை கலக்குங்க. நடுவுல பொடி சேர்க்காதீங்க. சாந்தன் கம் பொடியா மாவுப் பொடியான்னும் டப்பாவுல பாருங்க. மாவுப் பொடின்னா எச்சில் பட்டதும் திரும்ப நீர்த்துப்போகும், ஒரே கோப்பையை மெதுவா குடிக்கிறவங்களுக்கு அது சரிவராது.