தத்தெடுப்பு: வேலூர் வட்டாரத்தில் கோப்பு எங்கே சிக்குகிறது? – அனுபவப் பகிர்வு

குடியாத்தத்திலிருந்து, சமூகப் பணியாளர்

பதிவு செய்ய வருகிற தம்பதிகள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வருஷம் ஆகும்?" என்றுதான். அதற்கான பதில் பாதிக்கு மேல் அவர்கள் நிரப்புகிற படிவத்திலேயே இருக்கிறது. தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் (CARA) பதிவுத் தளம் கேரிங்ஸ். அதில் குழந்தையின் வயது, ஆணா பெண்ணா, எந்த மாநிலம், உடல்நிலை எப்படி என்று கேட்கும். "இரண்டு வயதுக்குள், நல்ல ஆரோக்கியம், தமிழ்நாடு மட்டும்" என்று குறித்தால் மூன்று வருடத்துக்குக் குறைந்து எதிர்பார்க்க வேண்டாம். நாடு முழுக்க 30,000-க்கும் மேற்பட்ட பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். தத்துக் கொடுக்கலாம் என்று சட்டப்படி விடுவிக்கப்பட்ட குழந்தைகளோ இரண்டாயிரத்துச் சொச்சம், அதிலும் கைக்குழந்தைகள் கொஞ்சம்தான்.

2010-11-இல் உள்நாட்டுத் தத்து 5,693. பிறகு பல வருடம் மூவாயிரத்தைச் சுற்றியே ஓடியது. 2024-25-இல் உள்நாடு வெளிநாடு சேர்த்து 4,515. ஏறுமுகம்தான், ஆனால் வரிசை அதைவிட வேகமாக நீள்கிறது.

வயதுக் கணக்கில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வரை 90, 4 முதல் 8 வரை 100, அதற்கு மேல் 110. தனியாக எடுப்பவருக்கு முறையே 40, 45, 50, 55. தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. குழந்தைக்கும் பெற்றோரில் யாருக்கும் 25 வயதாவது வித்தியாசம் வேண்டும். கணவருக்கு 44, மனைவிக்கு 41 என்றால் இன்றைக்குச் சரியாக 85. "இன்னொரு ரவுண்டு ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு) பார்த்துட்டு வரோம்" என்று ஒரு வருடம் தள்ளினால் 87, கைக்குழந்தைக்கான கதவு மூடிவிடும். பதிவுத் தேதியில் உள்ள வயதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் சிகிச்சை ஒரு பக்கம் நடக்கட்டும், பதிவை முடித்து வையுங்கள். இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 2022 தத்தெடுப்பு விதிகளின்படி சிறப்புத் தேவை உள்ளவர்களும், இடம் அமையாமல் காத்திருப்பவர்களும்தான் கிடைப்பார்கள்.

ராணிப்பேட்டை, கணினி மையம் நடத்துபவர்

மேலே அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும், அரக்கோணம், ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர் ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. நிறைய ஆதார் அட்டைகளில் இன்னும் "வேலூர் மாவட்டம்" என்றே இருக்கிறது. அதைப் பார்த்து மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வீட்டு ஆய்வுக் கோரிக்கை (சமூகப் பணியாளர் வந்து உங்கள் குடும்பத்தைப் பார்த்து எழுதும் அறிக்கைக்கானது) தவறான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் உட்காரும். முதலில் ஆதாரைத் திருத்துங்கள்.

இனிஷியல் அடுத்த தலைவலி. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் ஒற்றை எழுத்து, திருமணச் சான்றில் இனிஷியல் பின்னால். மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். இந்தப் பெயர்தான் கடைசியில் குழந்தையின் பிறப்புச் சான்றிலும் பாஸ்போர்ட்டிலும் ஏறப்போகிறது என்பதால் பதிவுக்கு முன்பே ஒரே மாதிரி ஆக்கிவிட வேண்டும்.

பதிவு செய்த 30 நாளுக்குள் ஆவணங்கள் ஏற வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து. குடும்பப் புகைப்படம், பான், பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, போன வருட வருமானச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று, திருமணச் சான்று, பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். வீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் அதன் சம்மதமும். தாமதமாவது பெரும்பாலும் திருமணச் சான்றால்தான். கோயிலில் கல்யாணம் முடித்துப் பதிவு செய்யாதவர்கள் இதற்கென்றே சார்பதிவாளர் அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

கைபேசி எண்ணை மாற்றாதீர்கள். குழந்தையின் விவரம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் "ஒதுக்கு" என்று அழுத்த வேண்டும். பழைய எண்ணுக்குக் குறுஞ்செய்தி போய், மின்னஞ்சல் குப்பைக்குள் கிடந்து, ஒரு வாய்ப்பு வீணாகப் போன குடும்பங்கள் இந்தப் பக்கம் ஒன்றிரண்டு அல்ல. கிடைப்பதே மூன்று வாய்ப்பு.

சத்துவாச்சாரி, வழக்கறிஞர்

செலவு பற்றி யாரும் சொல்லவில்லை. வீட்டு ஆய்வுக்கு 6,000 ரூபாய். குழந்தையை எடுக்கும்போது பராமரிப்பு நிதிக்கு 50,000. பிறகு இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கொரு முறை வந்து பார்ப்பதற்குத் தலா 2,000. எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. இதற்கு மேல் "நன்கொடை", "மேஜைக்குக் கீழே" என்று எவராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

"நர்ஸிங் ஹோமில் ஒரு பொண்ணு பிரசவத்துக்கு இருக்கு, நேரடியாவே வாங்கிடலாம்" என்று புரோக்கர் பேசுவது இன்னும் நிற்கவில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 81-ஆம் பிரிவு இதைக் குழந்தை விற்பனை என்கிறது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். மருத்துவமனை ஊழியர் சம்பந்தப்பட்டால் மூன்று வருடத்துக்குக் குறையாது, ஏழு வரை போகும். தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவுக்குக் கர்ப்பகாலத்திலேயே பிக்மியில் (கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளம்) வாங்கிய ஆர்.சி.எச். எண் வேண்டும். பொய்ப் பெயரில் பதிவு செய்ய அந்தப் பெண்ணின் செக்கப் விவரங்களையே மாற்ற வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியருக்கு எந்த வீட்டில் யார் கர்ப்பம் என்று தெரியாதா? மாட்டிக்கொண்டால் தண்டனை பெரியவர்களோடு போகாது. இரண்டு வயது வரை "அம்மா" என்று அழைத்த பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு திரும்ப எடுத்துக்கொள்ளும்.

வளர்க்க முடியாத தாய்க்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. நலக் குழு முன் ஒப்படைப்புப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம், பெயர் வெளியே வராது, மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன் பிறகே குழந்தை தத்துக்கு விடுவிக்கப்படும். கோயில் வாசலிலோ பஸ் ஸ்டாண்டிலோ குழந்தையைக் கண்டெடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போலீஸுக்கோ சொல்லியாக வேண்டும். "சாமி கொடுத்தது" என்று வீட்டில் வைத்துக்கொண்டால் ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் 10,000 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததே இப்படி வீசப்படும் பெண் சிசுக்களுக்காகத்தான். பிறகு திருவண்ணாமலை வரை விரிந்தது. இன்று நாடு முழுக்கத் தத்துப் போகிறவர்களில் பெண் குழந்தைகளே அதிகம்.

2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணை நீதிமன்றத்தில் இல்லை, கலெக்டரிடம். உங்கள் ஊர் கலெக்டர் இல்லை, குழந்தை இருக்கிற தத்து மையம் எந்த மாவட்டமோ அந்தக் கலெக்டர். இரண்டு மாதத்துக்குள் ஆணை தர வேண்டும் என்பது சட்டம்.

வேலூர், குழந்தைகள் வார்டில் பணிபுரியும் செவிலியர்

மருத்துவ அறிக்கையைப் புரிந்துகொள்ளாமல் பயந்து வேண்டாம் என்பவர்களும் உண்டு, பார்க்காமலே சரி என்பவர்களும் உண்டு. முடிவெடுக்கும் முன் உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் அந்த அறிக்கையைக் காட்ட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது தலைச் சுற்றளவு. நிறைமாதக் குழந்தைக்குப் பிறக்கும்போது ஏறத்தாழ 33 முதல் 35 செ.மீ. ஒரே ஒரு அளவு போதாது. மாதாமாதம் எடுத்த அளவுகளைக் கேட்டு வாங்கி வளர்ச்சி வரைபடத்தில் கோடு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எடை குறைவு சாப்பாட்டில் சரியாகும், தலை வளராமல் நிற்பது வேறு விஷயம்.

குறைமாதப் பிறப்பா என்று கேளுங்கள். 32 வாரத்தில் பிறந்த ஆறு மாதக் குழந்தையை நாலு மாதக் குழந்தையோடு ஒப்பிட வேண்டும். "ஆறு மாசம் ஆச்சு, இன்னும் உட்காரலையே" என்று அந்தப் பிள்ளையை மறுப்பது அநியாயம். மையத்தில் வளரும் குழந்தைகள் கழுத்து நிற்பது, குப்புற விழுவது எல்லாவற்றிலும் கொஞ்சம் பின்தங்குவார்கள். தூக்கிக் கொஞ்ச ஆள் போதாது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த சில மாதங்களில் எட்டிப் பிடிப்பவர்களே அதிகம்.

எச்.ஐ.வி. சோதனையில் பெரிய குழப்பம் நடக்கிறது. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கலாம். சாதாரண ரேபிட் சோதனை பாசிட்டிவ் என்றால் குழந்தைக்கு நோய் என்று அர்த்தமாகாது, கிருமியையே நேரடியாகத் தேடும் டி.என்.ஏ. பி.சி.ஆர். சோதனை எடுத்துப் பார்க்க வேண்டும். தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தச் சோதனை எடுத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். குறைவு இருந்தால் தினம் ஒரு மாத்திரை போதும், ஆனால் தவறவிட்டால் மூளை வளர்ச்சியே போய்விடும். ஹெபடைட்டிஸ் பி, காது கேட்கும் சோதனை, இதயத்தில் முணுமுணுப்பு இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்). இவ்வளவும் பார்த்துவிட்டால் போதும்.

"சிறப்புத் தேவை" என்ற தலைப்பைப் பார்த்ததுமே பக்கத்தை மூடிவிடுகிறார்கள். உதட்டுப் பிளவு அறுவையில் சரியாகிறது. கால் வளைவுக்குப் பொன்செட்டி முறையில் வாரா வாரம் மாவுக்கட்டு, பிறகு நாலு வயது வரை இரவில் பிரேஸ். இதயத்தில் சின்ன ஓட்டை பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிற ஊர் இது. இங்கே இருந்துகொண்டு நாம் வேண்டாம் என்கிற குழந்தைதான் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது.

ஆம்பூரிலிருந்து

எங்கள் பக்கம் "முஸ்லிம்கள் தத்தெடுக்க முடியாது" என்றே இன்னும் பேச்சு. 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம், விருப்பமில்லாதவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் 1890-ஆம் வருடச் சட்டப்படி பாதுகாவலர் ஆவதுதான் வழி. அது பிள்ளைக்கு 18 ஆனால் முடிந்துபோகும்.

சொத்தில்தான் யோசனை வேண்டும். ஷரியத்தையும் விட மனமில்லாத குடும்பங்கள் உயிரோடு இருக்கும்போதே ஹிபா (தானம்) எழுதி ஒப்படைத்துவிடுகிறார்கள். உயில் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. மஹ்ரம் (மணம் செய்யக் கூடாத நெருங்கிய உறவு) கேள்விக்கு, இரண்டு வயதுக்குள் தாயோ தாயின் சகோதரியோ பாலூட்டிப் பால் உறவு ஆக்கிக்கொள்வதும் உண்டு. பால் சுரக்கவைக்க மருத்துவர் உதவியோடு வாரக்கணக்கில் முன்பே தொடங்க வேண்டும். குழந்தை கைக்கு வந்தபின் யோசித்தால் நேரம் போதாது.

பேரணாம்பட்டு – கேள்வி

அக்கா பிள்ளையைக் கனடாவில் இருக்கும் தம்பி தத்தெடுக்க வேண்டும். பத்திரம் பதிவு செய்தாயிற்று. விசா கிடைக்கவில்லை. என்ன குறை சார்?

காட்பாடி, வெளிநாட்டுத் தத்துக் கோப்புகள் பார்ப்பவர்

இந்துத் தத்துச் சட்டம் 1956-படி பதிந்த பத்திரம் உள்ளூருக்குச் செல்லும், எல்லை தாண்ட அது மட்டும் போதாது. தத்தெடுப்பு விதிகளில் 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கேரிங்ஸில் விண்ணப்பித்து, கலெக்டரின் சரிபார்ப்பு அறிக்கை வாங்கி, அந்த நாட்டின் சம்மதக் கடிதமும் சேர்த்தால்தான் காரா ஆட்சேபணையின்மைச் சான்று தரும். பத்திரத்தையும் ஒரு தடவை பாருங்கள். தம்பிக்கு ஏற்கெனவே மகன் இருந்து மறுபடி ஆண் பிள்ளை எடுத்தால் அந்தச் சட்டத்தில் தத்தே செல்லாது. பெண் பிள்ளை என்றால் தத்தெடுக்கும் அப்பாவுக்கும் அவளுக்கும் 21 வயது இடைவெளி வேண்டும்.

இளைஞர் நீதிச் சட்டத்தில் "உறவினர்" என்றால் தாத்தா பாட்டி, பெரியப்பா சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி மட்டுமே. "ஒன்றுவிட்ட அண்ணன்" என்று எழுதிக் கொண்டுவந்த கோப்புகள் திரும்பித்தான் போகும்.

வெளிநாட்டுத் தத்து உலகம் முழுக்கவே சுருங்குகிறது. அமெரிக்காவுக்கு 2004-இல் மட்டும் 22,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள். 2023-இல் 1,275. எத்தியோப்பியா 2018-இல் தடை செய்தது, சீனா 2024-இல் நிறுத்திவிட்டது. நம் நாட்டில் 1984-இல் லக்ஷ்மிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. 2003-இல் வெளிநாட்டுத் தத்துக்கான ஹேக் சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தோம். 2018-19-இல் 653 பேர் போனார்கள், 2024-25-இல் 360. உள்நாட்டில் இடம் அமையாதவர்களே போகிறார்கள்: பெரிய பிள்ளைகள், அண்ணன் தங்கையாகச் சேர்ந்து இருப்பவர்கள், உடல் குறை உள்ளவர்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் நம்மோடு சம வரிசை.

வரிசை முறை இது. அந்த நாட்டு அங்கீகார முகமை வீட்டு ஆய்வு அனுப்பும். குழந்தை விவரம் போகும், ஏற்பு வரும். காராவின் சான்று, கலெக்டர் ஆணை, ஹேக் 23-ஆம் பிரிவுச் சான்று, பாஸ்போர்ட், விசா. குழந்தையின் பெயர் ஆணையில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து என்றால் விசா நிலையில் நிற்கும். வளைகுடாவில் இருப்பவர்கள் அந்நாடு தத்துப் பிள்ளைக்கு விசா தருமா என்று முதலிலேயே இந்தியத் தூதரகத்தில் கேளுங்கள். உள்ளூரில் தத்தெடுத்து இரண்டு வருடக் கண்காணிப்பு முடியுமுன் வெளிநாடு போகிறவர்களும் அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

ஏழு வயதுப் பிள்ளையை அனுப்புவதில் காகிதத்தைவிடத் தயாரிப்புதான் கடினம். புதிய பெற்றோர் படம் போட்ட ஆல்பம் அனுப்புவார்கள்: வீட்டு வாசல், படுக்கை, நாய், பனி பெய்யும் தெரு. மையத்து ஆயா தினம் சாயங்காலம் அதைப் புரட்டிப் பெயர் சொல்லிக் காட்டுவார். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்குப் பத்துச் சொல்லாவது கற்றுக்கொடுக்க வேண்டும். தண்ணீர், பசி, வலி, பாத்ரூம், வேண்டாம். "வேண்டாம்" என்பதைக் கட்டாயம்.

குடியாத்தம், மறுபடி

பெரிய பிள்ளைகள் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களை வளர்ப்புப் பராமரிப்பில் (ஃபாஸ்டர் கேர்: தத்தெடுக்காமல் வீட்டில் வைத்து வளர்ப்பது) எடுத்து, இரண்டு வருடம் கழித்துத் தத்தெடுக்க 2024 வழிகாட்டுதலில் வழி இருக்கிறது. தனி ஆளும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு தாண்டிவிட்டது என்று சோர்ந்து போகிறவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்வது குறைவு.