எம்.எம்.ஆர். ஊசி பற்றிக் குடும்பக் குழுவில் சுற்றும் மூன்று செய்திகள்: எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: மழைக்காகிதம்

வணக்கம். ஒரு வயது நிறையப்போகும் குழந்தைக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) முதல் தவணை போட வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, இந்த ஊசியால் ஆட்டிசம் வரும் என்று 'லான்செட்' மருத்துவ இதழிலேயே நிரூபித்துவிட்டார்களாம். இரண்டாவது, ஒரு பள்ளியில் தட்டம்மை வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஊசி போட்டவர்களாம். அப்புறம் ஊசி எதற்கு என்கிறார்கள். மூன்றாவது, ஊசியில் பாதரசமும் அலுமினியமும் இருக்கிறது, பிஞ்சு உடம்பு தாங்காது, இரண்டு வயது தாண்டிப் போட்டால் போதும்.

"எல்லாம் புரளி" என்று ஒரு வரியில் சொன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் எடுபடாது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். கணக்கோடு விளக்க முடியுமா? உண்மையான பக்கவிளைவு என்ன, யாருக்குப் போடக் கூடாது என்பதும் வேண்டும். குழந்தைக்கு முட்டை ஒவ்வாமை உண்டு, இப்போது லேசான சளியும் இருக்கிறது. எடை 9 கிலோ.

பதில் 1: பழையகோப்பு

லான்செட் விஷயம் மட்டும் சொல்கிறேன். அந்தக் கட்டுரை வந்தது 1998 பிப்ரவரியில். பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் இன்னும் 12 பேரும் எழுதியது. அதில் இருந்த குழந்தைகள் மொத்தமே 12 பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழந்தைகள் குழு கிடையாது. இன்னொன்றை உங்கள் வீட்டில் அவசியம் சொல்லுங்கள்: ஊசிக்கும் இந்தக் குழந்தைகளின் நிலைக்கும் தொடர்பு இருப்பதாக நாங்கள் நிரூபிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. ஊசி மேல் சந்தேகத்தைப் பெரிதாக்கிய பேச்சு பத்திரிகையாளர் கூட்டத்தில் வந்தது. ஆக, "லான்செட்டில் நிரூபித்தார்கள்" என்பது அந்த மோசமான கட்டுரையில்கூட இல்லாத சங்கதி.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். தடுப்பூசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போடத் தயாரான வழக்கறிஞர் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் போனதைப் பத்திரிகையாளர் பிரையன் டீர் வெளிக்கொண்டு வந்தார். 2004இல் கூட்டாசிரியர்களில் 10 பேர், ஊசியோடு தொடர்பு இருக்கலாம் என்ற விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010 பிப்ரவரியில் லான்செட் கட்டுரையையே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது.

எதிர்ப்பக்கச் சான்றுக்கு டென்மார்க் ஆய்வு (2019) ஒன்று போதும். 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். அதில் 6,517 பேருக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டது. ஊசி போட்டவர்களிடம் விகிதம் கூடவில்லை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஏற்கெனவே ஆட்டிசம் இருந்த குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் கூடவில்லை.

ஜப்பான் இன்னும் சுவாரசியம். 1993இல் அங்கே எம்.எம்.ஆர். ஊசியையே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் ஆட்டிசம் கண்டறியப்படுவது கூடிக்கொண்டுதான் போனது. ஏன் நிறுத்தினார்கள் என்று வீட்டில் கேட்பார்கள், மறைக்க வேண்டாம். அந்த ஊசியில் இருந்த 'உராபே' வகைப் பொன்னுக்குவீங்கி வைரஸால் சிலருக்கு மூளையுறை அழற்சி வந்தது. உண்மையான பக்கவிளைவு இருந்தால் கண்காணிப்பில் அகப்படும் என்பதற்கு அதுவே சாட்சி. இப்போது பெரும்பாலான நாடுகளில் போடுவது வேறு வகை வைரஸ்.

பெற்றோர் மனதில் இந்தச் சந்தேகம் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதும் புரிகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் கண்ணில் படத் தொடங்கும் வயதும் இந்த ஊசியின் வயதும் ஏறத்தாழ ஒன்றே.

பதில் 2: எண்கணக்கு

இரண்டாவது செய்தி பொய்யாக இல்லாமலே இருக்கலாம். வில்லங்கம் அங்கேதான். காகிதம் எடுத்து வீட்டிலேயே போட்டுக் காட்டுங்கள்.

1,000 பிள்ளைகள் உள்ள பள்ளி. 990 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 10 பேர் போடாதவர்கள். தட்டம்மைக் கிருமி எல்லோரையும் எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். போடாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வரும்: 9 பேர். இரண்டு தவணை சுமார் 97 சதவீதம் காக்கும். அதாவது 90 சதவீத அபாயம் 2.7 சதவீதமாக இறங்குகிறது. 990இல் 2.7 சதவீதம் என்றால் சுமார் 27 பேர். மொத்த நோயாளிகள் 36, அதில் 27 பேர் ஊசி போட்டவர்கள். சரியாக முக்கால்வாசி! செய்தி சொன்னது கணக்கில் சரி. ஆனால் கேட்க வேண்டியது "எத்தனை பேரில்?" என்பதை. போடாதவர்களில் 10க்கு 9, போட்டவர்களில் 990க்கு 27.

இப்போது அதே பள்ளியில் 950 பேர் போட்டவர்கள், 50 பேர் போடாதவர்கள் என்று மாற்றுங்கள். போடாதவர்களில் 45, போட்டவர்களில் சுமார் 26, மொத்தம் 71. நோயாளிகளில் ஊசி போட்டவர் பங்கு 37 சதவீதமாக இறங்கிவிட்டது, நோயாளிகளோ இரண்டு மடங்கு. எல்லோருமே ஊசி போட்ட பள்ளியில் யாருக்காவது நோய் வந்தால், நோயாளிகளில் 100 சதவீதமும் ஊசி போட்டவர்களாகத்தானே இருப்பார்கள்.

ஒரு திருத்தத்தை நானே சொல்லிவிடுகிறேன். 990 பேர் போட்ட பள்ளியில் கிருமி எல்லோரையும் எட்டாது, பாதி வழியிலேயே நின்றுவிடும். தட்டம்மைக்காரர் ஒருவர், எதிர்ப்புச் சக்தியே இல்லாத கூட்டத்தில், 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அதனால்தான் ஊரில் 95 சதவீதம் பேர் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். நிஜத்தில் அந்த 27 இன்னும் குறையும்.

பதில் 3: குளிர்ப்பெட்டி

மூன்றாவது செய்திக்கு ஊசிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளே பதில். தடுப்பூசி போடும் இடத்தில் கேட்டால் காட்டுவார்கள். 'உட்பொருட்கள்' பகுதியைப் படியுங்கள். எம்.எம்.ஆரில் பாதரசச் சேர்மமான தையோமெர்சாலும் கிடையாது, அலுமினிய உப்பும் கிடையாது. இது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ் ஊசி. தையோமெர்சால் போட்டால் வைரஸே செத்துவிடும், ஊசி வீணாகும். அலுமினியம், செயலிழந்த கிருமியோ அதன் பகுதியோ உள்ள சில ஊசிகளில் எதிர்ப்பாற்றலைத் தூண்டச் சேர்ப்பது. உயிருள்ள வைரஸுக்கு அது தேவையில்லை.

மற்ற ஊசிகளில் இருக்கும் அலுமினியமும் ஒரு தவணைக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழேதான் பெரும்பாலும். முதல் ஆறு மாதத்தில் எல்லா ஊசியும் சேர்த்து சுமார் 4.4 மி.கி., தாய்ப்பாலில் போவது சுமார் 7 மி.கி.

பதில் 4: எண்கணக்கு

@குளிர்ப்பெட்டி, தாய்ப்பால் ஒப்பீட்டை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. குடித்த அலுமினியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் குடல் உறிஞ்சும், ஊசியில் போவது மெல்ல மெல்ல முழுவதும் உடலுக்குள் சேரும். விவரம் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் இதைப் பிடித்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்.

பதில் 5: குளிர்ப்பெட்டி

சரியான பேச்சு, அந்த ஒப்பீட்டைக் கழித்துவிடுங்கள். வலுவான பதில் இது: தசையிலிருந்து சிறிது சிறிதாகக் கரைந்து சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள பொருள். 2025இல் டென்மார்க்கில் 12 லட்சம் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, ஊசி வழி அலுமினியத்துக்கும் ஆட்டிசம், ஆஸ்துமா உள்ளிட்ட 50 நோய்நிலைகளுக்கும் அபாயக் கூடுதல் தெரியவில்லை. எப்படியும் எம்.எம்.ஆருக்கு இந்த விவாதமே பொருந்தாது.

ஊசியில் நிஜமாகவே பிசகக்கூடிய இடம் வேறு. எம்.எம்.ஆர். தூளாக வரும், கரைப்பானில் கலந்துதான் போடுவார்கள். அதே நிறுவனம் அதற்கென்றே தரும் கரைப்பான்தான் சேர்க்க வேண்டும். 2018 ஜூலையில் பசிபிக் தீவு நாடான சமோவாவில் இரண்டு குழந்தைகள் இறந்தது இதில்தான்: கரைப்பானுக்குப் பதிலாகக் காலாவதியான தசைத்தளர்த்தி மருந்தைக் கலந்துவிட்டார்கள். தவறு கலந்த கையில், ஊசி மருந்தில் இல்லை. ஆனால் ஊசித் திட்டம் நின்றது, பயம் பரவியது, போடுவோர் விகிதம் சரிந்தது. 2019இல் தட்டம்மை புகுந்து 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறு குழந்தைகள். நாட்டின் மக்கள்தொகையே சுமார் 2 லட்சம்.

ஆகவே ஊசி போடும்போது நாலு விஷயம் கவனியுங்கள். குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரிலிருந்து எடுக்கப்படுகிறதா, காலாவதித் தேதி என்ன, புது சிரிஞ்சா, பல தவணைக் குப்பி என்றால் எப்போது கலந்தது. கலந்து 6 மணி நேரம் ஆனால் மீதியைக் கொட்டிவிட வேண்டும், கிருமி வளர்ந்துவிடும். குப்பியில் வட்டத்துக்குள் சதுரம் போட்ட வெப்பக் குறி இருந்தால், உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறமானாலோ சதுரம் கறுத்தாலோ வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பதில் 6: வெள்ளைமேசை

பக்கவிளைவும், யாருக்கு என்பதும்.

முட்டை ஒவ்வாமை தடை இல்லை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி வைரஸ்களைப் பெரும்பாலும் வளர்ப்பது கோழிக்கரு செல்களில்தான், ஆனால் ஊசியில் முட்டைப் புரதம் பொருட்படுத்தும் அளவில் இருக்காது. வழக்கம்போலப் போடலாம். ஒவ்வாமை இருப்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். லேசான சளியும் தடை இல்லை. கடும் காய்ச்சலோடு துவண்டிருந்தால் தேறும்வரை தள்ளலாம்.

உண்மையிலேயே போடக் கூடாதவர்கள்: முந்தைய தவணைக்கோ, ஊசியில் உள்ள ஜெலட்டின், நியோமைசின் (கிருமிக்கொல்லி மருந்து) போன்றவற்றுக்கோ உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்தவர்கள், எதிர்ப்புச் சக்தி கடுமையாகக் குன்றியவர்கள், கர்ப்பிணிகள். அதிக அளவு ஸ்டீராய்டு இரண்டு வாரமோ மேலோ எடுத்த குழந்தை என்றால், நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும். ரத்தமோ இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தோ ஏற்றியிருந்தால் சில மாத இடைவெளி தேவை, எத்தனை என்பது ஏற்றியதன் வகையையும் அளவையும் பொறுத்தது.

காய்ச்சல் அன்றே வராது. 7 முதல் 12 நாளுக்குள் வரும், சில குழந்தைகளுக்கு மெல்லிய தடிப்பும் தோன்றும். அதற்குள் ஊசி போட்டதே மறந்திருக்கும், வேறு ஏதோ என்று அலைவார்கள். காய்ச்சலோடு வரும் வலிப்பு 3,000 முதல் 4,000 தவணைக்கு ஒன்று. பார்க்கப் பதறும், நிலைத்த பாதிப்பு வருவதில்லை. ஆனாலும் வலிப்பு வந்தால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் தற்காலிகமாகக் குறைவது 30,000 முதல் 40,000க்கு ஒன்று. கடும் ஒவ்வாமை பத்து லட்சத்துக்கு ஒன்று அளவில். அது வந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் வரும், அதற்காகத்தான் உட்காரச் சொல்வது. எதிர்ப்பக்கத்தில் தட்டம்மை: 1,000 நோயாளிகளில் ஒருவருக்கு மூளை அழற்சி. நல்ல மருத்துவ வசதி உள்ள இடத்திலேயே 1,000க்கு 1 முதல் 3 குழந்தைகள் இறக்கிறார்கள்.

"தள்ளிப் போடலாம்" என்பது கேட்க நல்லதாகத் தெரியும். ஆனால் 16 முதல் 23 மாதத்தில் முதல் தவணை போட்டால் காய்ச்சல் வலிப்பு அபாயம் 12 முதல் 15 மாதத்தில் போடுவதைவிட அதிகம். தள்ளியதில் லாபம் ஒன்றுமில்லை.

காய்ச்சல் வந்து குழந்தை சிணுங்கினால் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. 9 கிலோவுக்கு 135 மி.கி. 5 மில்லிக்கு 120 மி.கி. உள்ள சிரப் என்றால் சுமார் 5.6 மில்லி, 250 மி.கி. உள்ளது என்றால் 2.7 மில்லி. ஒரு மில்லிக்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.35 மில்லிதான். சொட்டு மருந்தைச் சிரப் அளவில் ஊற்றுவதுதான் வீட்டில் அடிக்கடி நடக்கும் தவறு, புட்டியில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் 4 முறைக்கு மேல் வேண்டாம். ஊசிக்கு முன்பே கொடுக்கத் தேவையில்லை. ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடவே கூடாது.

பதில் 7: பழையகோப்பு

இனி வரும் செய்திகளுக்கும் சேர்த்து ஒன்று. செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைமாறி வந்தது, அனுப்பியவர் எழுதியதில்லை. அவரோடு சண்டை வேண்டாம். ஆய்வு என்று சொன்னால் தலைப்பைத் தேடி, 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். படம் என்றால் படத்தை வைத்தே தேடி, முதலில் எந்த ஆண்டு வெளியானது என்று பாருங்கள். பாதிப் புரளி அங்கேயே உதிரும்.

'இத்தனை ஆயிரம் பாதிப்புப் பதிவுகள்' என்று வந்தால் அநேகமாக அமெரிக்காவின் வேர்ஸ் (VAERS) என்ற தடுப்பூசிப் பக்கவிளைவுப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. 1990 முதல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பதியலாம், காரணம் நிரூபணமாக வேண்டியதில்லை. ஃப்ளூ ஊசி போட்டதும் ஹல்க் (கதையில் வரும் பச்சை ராட்சதன்) ஆகிவிட்டேன் என்று ஒரு மருத்துவர் சோதனைக்குப் பதிந்ததும் உள்ளே போனது! பின்னர் அவர் சம்மதத்தோடு நீக்கினார்கள். புதிய சந்தேகங்களை மோப்பம் பிடிக்க அது அருமையான கருவி, எண்ணிக்கை சொல்ல உதவாது.

குழுவில் பதில் எழுதும்போது புரளியின் படத்தை அப்படியே மறுபடி போடாதீர்கள், படம் மட்டும்தான் நினைவில் நிற்கும். முதல் வரியில் உண்மையை எழுதி, பிறகு புரளி எங்கே வழுக்குகிறது என்று ஒரு வரி போதும். பெரியவர்களிடம் குழுவில் எழுதாமல் தனியே பேசுவது நல்லது. பத்து பேர் முன்னால் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

மழைக்காகிதம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பள்ளிக் கணக்கு நன்றாக எடுபடும். ஒரு சந்தேகம்: அதே நாளில் சின்னம்மை ஊசியும் போடலாம் என்றார்கள். ஒரு மாதம் தள்ளிப் போடுவது நல்லதா?

வெள்ளைமேசை

ஒரே நாளில் தனித்தனி இடத்தில் போடலாம். இரண்டும் உயிருள்ள வைரஸ் ஊசி என்பதால் ஒரே நாள், இல்லையென்றால் குறைந்தது 28 நாள் இடைவெளி. நடுவில் பத்து, இருபது நாளில் போட்டால் இரண்டாவதாகப் போட்டது சரியாகப் பிடிக்காமல் போகலாம், அதை மட்டும் திரும்பப் போட வேண்டிவரும். இரண்டும் தனித்தனி ஊசியாகவே இருக்கட்டும். நாலும் கலந்த ஒரே ஊசி சில இடங்களில் கிடைக்கிறது, முதல் தவணையாக அதைப் போட்டால் காய்ச்சல் வலிப்பு அபாயம் சற்றுக் கூடுதல். அட்டையில் தேதியோடு தொகுதி எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.