பரண் சாமான் இறங்கியாச்சு, ஆச்சி பாயை எப்படிக் காப்பாற்ற?

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஆச்சி இருந்த வீட்டை ஒதுங்க வைத்துக்கொண்டிருக்கிறோம். மனசுக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நன்றி சொல்லி அனுப்புகிற கோன்மாரி முறைதான். துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியில் நினைவுப் பொருள் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. காகிதம் வரைக்கும் சுலபமாகப் போய்விட்டது (பட்டா, பத்திரம் மட்டும் தனிப் பையில்). அப்புறம் பரணிலிருந்து சாமான் இறங்க இறங்க ஒன்றும் ஓடவில்லை.

முக்கியமாக ஒரு பத்தமடைப் பட்டுப்பாய் (பட்டு மாதிரி மெல்லிசாக நெய்த கோரைப்பாய்). ஆச்சியின் கல்யாணப் பாய், தாத்தா பேரும் ஆச்சி பேரும் பாயிலேயே நெய்திருக்கிறது, ஆனால் ஒரு மூலையில் பாவு நூல் அறுந்து கோரை ஒவ்வொன்றாக உருவி வருகிறது. இதை எந்தக் காரணத்துக்கும் விட மாட்டேன். பத்தமடையில் பழைய பாயை வாங்கி ஓரம் கட்டித் தருபவர்கள் இருக்கிறார்களா? சுருட்டி வைப்பதா, சுவரில் விரித்து மாட்டுவதா, எது பாய்க்கு நல்லது?

இன்னொன்று, வெண்கல உருளியும் பித்தளை அண்டாக்களும். எடைக்குப் போட மனசு வரவில்லை, மதினி வீட்டிலும் இடமில்லை. கோயில் அன்னதானத்துக்கோ சமையல்காரருக்கோ கொடுத்த அனுபவம் உள்ள அண்ணாச்சிமார், அக்காமார் சொல்லுங்க, மாசக் கடைசிக்குள் வீட்டை ஒப்படைக்கணும்.