லாகர் லேப்டாப்போட பேசுது, மோடத்தோட பேசல – சீரியல் பின் குழப்பம்

பீன்யா வயர்:
பெங்களூரு, மொட்டைமாடி மழைமானி. கேம்ப்பெல் சிஆர்1000 லாகரோட (அளவுகளைப் பதிவு பண்ற கருவி) ஆர்எஸ்-232 சீரியல் போர்ட்ல, எஸ்எம்எஸ் அனுப்ப ஜிஎஸ்எம் மோடம் மாட்டணும். ரெண்டுமே டிபி9 ஃபீமேல், அதனால நேர் கேபிள்ல (1-1, 2-2ன்னு அதே எண்ணோட சேர்றது) எஸ்.பி. ரோட்ல வாங்கின ஜெண்டர் சேஞ்சர் (ஃபீமேலை மேலா மாத்துற அடாப்டர்) போட்டேன். லேப்டாப்ல நேர் கேபிள் வெச்சுத் தனித்தனியா மாட்டினா ரெண்டும் ஓடுது. சேர்த்தா மௌனம். ரெண்டு பக்கமும் ஒரே சீரியல் செட்டிங்: வேகம் 9600, 8என்1. மோடத்துக்குத் தனி 12 வோல்ட் சப்ளை. எது பழுது?

சாலிடர் புகை:
எதுவும் பழுதில்ல சார், விடை உங்க கேள்வியிலேயே இருக்கு. லேப்டாப் டிடிஇ, அதாவது கம்ப்யூட்டர் வகை: பின் 3ல அனுப்பும், பின் 2ல வாங்கும். அதோட நேர் கேபிள்ல பேசுறது எல்லாம் டிசிஇ, அதாவது மோடம் வகை: 2ல அனுப்பும், 3ல வாங்கும். உங்க லாகர், மோடம் ரெண்டும் டிசிஇ. ரெண்டும் 2ல கத்துது, 3ல காதை வெச்சிருக்கு. ஜெண்டர் சேஞ்சர் மூஞ்சியைத்தான் மாத்தும், கம்பியை மாத்தாது.

கேபிளைக் கழட்டிட்டு மீட்டர்ல பாருங்க. டிசி 20 வோல்ட் ரேஞ்ச், கறுப்பு முனை பின் 5ல. அனுப்புற பின் சும்மா இருக்கும்போது மைனஸ்ல சில வோல்ட் காட்டும், வாங்குற பின் 0 பக்கமா நிக்கும். சிஆர்1000ல ஆட்டோ பாட் (வேகத்தைத் தானா கண்டுபிடிக்கிற செட்டிங்) வெச்சிருந்தா போர்ட் தூங்கிடும், எல்லாமே 0ன்னு ஏமாத்தும். 9600 ஃபிக்ஸ்டுன்னு மாத்திட்டு அளக்கணும்.

பீன்யா வயர்:
லாகர் 2ல -6.1, மோடம் 2ல -5.6. ரெண்டுலயும் 3ல 0.

சாலிடர் புகை:
அப்போ கேபிளை 2-3, 3-2, 5-5ன்னு குறுக்கா இணைங்க. இப்படி மாத்திக் கொடுக்கிற நல் மோடம் அடாப்டர் வாங்கினா கடையிலேயே மீட்டர்ல பீப் வெச்சுப் பாருங்க; பார்க்க ஜெண்டர் சேஞ்சர் மாதிரியேதான் இருக்கும். 2-2 கத்தினா வேணாம், 2-3 கத்தணும். நீங்களே சாலிடர் பண்றதா இருந்தா, பின்பக்கம் வரிசை இடவலமா மாறும். பிளாஸ்டிக்ல பொடியா அச்சடிச்ச எண்ணை நம்புங்க.

மின்கலம்:
குறுக்கிடறேன். லாகர்ல பக்கத்துலயே இருக்கிற சிஎஸ் ஐ/ஓ போர்ட்டும் (கேம்ப்பெல்லோட சொந்த வகை) 9 பின்தான், மாத்தி மாட்டிடாதீங்க. அங்க 1ல 5 வோல்ட், 8ல 12 வோல்ட் வெளிய வருது, 2 கிரவுண்டு. மோடத்தோட பின் 8 சிடிஎஸ் ('நீ அனுப்பலாம்' சிக்னல்) அவுட்புட். நேர் கேபிள்ல அதுக்குள்ள 12 வோல்ட் போகும்.

பீன்யா வயர்:
2-3 குறுக்கா மாத்திட்டேன். லாகர் அனுப்புற எஸ்எம்எஸ் போனுக்கு வருது! ஆனா மோடத்தோட 'ஓகே' பதில் மட்டும் லாகருக்கு வரல. லேப்டாப்ல வருதே?

சாலிடர் புகை:
மூணு கம்பிதானே போட்டீங்க? மோடத்துல ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் (எதிர்ப்பக்கம் ரெடியான்னு தனிக் கம்பியில பார்த்து அனுப்புறது) ஆன்ல இருக்கு. பின் 7 ஆர்டிஎஸ்ல பிளஸ் வோல்ட் வந்தாத்தான் அது பதில் அனுப்பும். லேப்டாப் அதைத் தானா கொடுத்துடுது. இங்க கம்பியே இல்ல.

மோடம் பக்கத்து கனெக்டருக்குள்ள 7-ஐயும் 8-ஐயும் சேர்த்துடுங்க. அதோட சிடிஎஸ்ஸே அதோட ஆர்டிஎஸ்ஸைத் தூக்கிப் பிடிக்கும். அப்படியே 4-6 சேர்த்தா டிடிஆர் ('கம்ப்யூட்டர் ரெடி' சிக்னல்) தொல்லையும் போச்சு. சாலிடர் வேணாம்னா, லேப்டாப்ல மோடத்தை மாட்டி ஏடி+ஐஎஃப்சி=0,0 , ஏடி&டி0 கொடுத்து, சேமிக்க ஏடி&டபிள்யூ போடுங்க. கடைசிக் கமாண்டை விட்டா, கரண்ட் போய் வந்ததும் பழைய கதைதான்.

பீன்யா வயர்:
ஜம்பர் ரெண்டும் போட்டாச்சு, ஓகே வருது. கமாண்டும் போட்டு வெச்சுட்டேன், இங்க கரண்ட் போறதுக்குப் பஞ்சமில்ல.