காரில் கைத்துப்பாக்கியோடு போகும்போது போலீஸ் நிறுத்தியதுண்டா? அமெரிக்காவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

டெக்சஸ்:
நானே ஆரம்பிக்கிறேன். ஐ-35 நெடுஞ்சாலையில் ஆஸ்டினுக்கு வடக்கே, பின்விளக்கு எரியவில்லை என்று ராத்திரி நிறுத்தினார்கள். ஓரங்கட்டி, உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டேன். ஆபீசர் கேட்டதும் டிரைவிங் லைசென்ஸோடு துப்பாக்கி லைசென்ஸையும் சேர்த்து நீட்டினேன். எங்கே இருக்கிறது என்றார். வலது இடுப்பில், உறைக்குள் என்றேன். "சரி, நீங்கள் உங்களுடையதைத் தொடாதீர்கள், நானும் என்னுடையதைத் தொடமாட்டேன்" என்று சிரித்தார். எழுத்தில் ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான்.

இங்கே 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதாகி சட்டத் தடை எதுவும் இல்லாதவர் கைத்துப்பாக்கியை உடன் கொண்டுபோக லைசென்ஸே தேவையில்லை. நான் என் லைசென்ஸை விடவில்லை. வேறு பல மாநிலங்களில் செல்லும், பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற ஃபெடரல் (மத்திய அரசு) சட்டத் தொல்லையும் சொந்த மாநிலத்தில் இல்லை.

நான் சொல்ல வருவது பர்ஸைப் பற்றி. துப்பாக்கி வலது இடுப்பில், பர்ஸ் வலது பின்பாக்கெட்டில் என்றால், லைசென்ஸ் எடுக்கப் போகிற கை எதை எடுக்கப் போகிறது என்று இருட்டில் வெளியே நிற்கிற மனுஷனுக்கு எப்படித் தெரியும்? காரில் ஏறியதும் பர்ஸ் சட்டைப்பைக்கு வந்துவிட வேண்டும். இன்சூரன்ஸ் காகிதம் இருக்கிற டாஷ்போர்டு பெட்டியிலேயே துப்பாக்கியையும் வைக்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

மிச்சிகன்:
அண்ணா, எங்கள் ஊரில் கேட்கும்வரை காத்திருக்க முடியாது. நிறுத்திய உடனே நாமாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் முதல் தடவையே 500 டாலர் அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கம். என் கணவரை நோவை என்கிற ஊர்ப் பக்கம் நிறுத்தினபோது நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். "என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, துப்பாக்கி இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?" என்று நிதானமாகக் கேட்டார், கை அசையவே இல்லை. எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது. 2016 ஜூலையில் மினசோட்டா ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்கிற கருப்பினத்தவரைக் காரை நிறுத்திய போலீஸ் சுட்டுக் கொன்றது மறக்குமா? லைசென்ஸ் வைத்திருந்தவர், துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகத்தான் சொன்னார், சில விநாடிகளில் சுட்டுவிட்டார்கள். மறு வருஷம் அந்த அதிகாரி விடுதலையும் ஆகிவிட்டார். நிறம் கருப்பாக இருக்கிற நாம் இதை வேறு யாரோ ஒருவரின் கதையாகப் படிக்க முடியாது. அதனால் கணவரிடம் ஒரே கண்டிப்பு: அவர்கள் 'எடு' என்று சொன்னாலும், எந்தக் கையால் எங்கிருந்து எடுக்கப் போகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் கை நகர வேண்டும்.

ஜார்ஜியா:
போலீஸை விடுங்கள், சீட் பெல்ட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. பக்கிள் இடுப்பில் குத்துகிறது என்று துப்பாக்கியை உருவி கப் ஹோல்டரில் வைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். உறை இல்லாமல் டிரிக்கர் திறந்து கிடக்கிறது, ஒரு சடன் பிரேக் போட்டால் கால் அடியில் உருளும், குனிந்து தேடுவார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே காந்தம் வைத்து ஒட்டுவதும் எனக்குப் பிடிக்காது. உறையோடு இடுப்பில் இருக்கட்டும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் கார் நின்றபிறகு, உறையோடு சேர்த்துக் கழற்றி, சீட்டுக்கு அடியில் கேபிளால் கட்டிய பூட்டுப்பெட்டியில். ராத்திரி மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள், இங்கே அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் கண்ணாடியை உடைக்கிறவன் அதைத்தான் தேடி வருகிறான்.

டெக்சஸ்:
நல்லாச் சொன்னீங்க. எச்-1பி வேலை விசாவில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்று தனிச் செய்தியில் கேட்ட தம்பிக்கும் இங்கேயே பதில்: அந்த விசாவில் இருந்தால் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம், செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. நண்பருடையதை உங்கள் காரில் வைத்துக்கொண்டு போவதும் வேண்டாம். க்ரீன் கார்டு வரட்டும், அப்புறம் பேசலாம்.