மேலே ஏறணுமா, கீழே போகணுமா? அப்பாவுக்கு வழிகாட்டி தேடிய அனுபவம்

பெங்களூர் அல்சூரிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பெங்களூரில் வண்டி ஓட்டுகிறார். சிவாஜிநகர், பிரேசர் டவுன், மர்பி டவுன் பக்கமெல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவார். ஆனால் கோரமங்களா தாண்டிவிட்டால் இப்போது தடுமாறுகிறார். அவர் ஓட்டிப் பழகிய ஓசூர் ரோடு வேறு, இன்றைக்கு இருக்கிற ஓசூர் ரோடு வேறு.

போன தை மாதம் சிங்கசந்திராவில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. அம்மாவையும் சீர்த்தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு அப்பா கிளம்பினார். நான் ஆபீஸிலிருந்து நேரே மண்டபத்துக்குப் போய்விட்டேன். கிளம்பும்போது அவருடைய போனில் வழிகாட்டும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். சில்க் போர்டு சந்திப்பு தாண்டியதும் அது "நேராகச் செல்லவும்" என்றிருக்கிறது. அப்பாவுக்கு நேர் எதிரே அகலமாகத் தெரிந்தது மேம்பாலம்தான். ஏறிவிட்டார். 2010-இல் திறந்த அந்த மேம்பாலச் சாலை கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். ஏறியவர்கள் எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் போய்த்தான் இறங்க வேண்டும். பாதி வழியில் அம்மா கீழே எட்டிப் பார்த்து, "அதோ நம்ம மண்டபம், வாழைமரம் கட்டியிருக்கு பாருங்க" என்று காட்டினாராம். பார்க்க மட்டும்தான் முடிந்தது. சுங்கம் கட்டி, இறங்கி, நெரிசலில் திரும்பி வந்து சேர்ந்தபோது வளையல் அடுக்கி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது.

அப்பா யாரையும் திட்டவில்லை. அதற்கப்புறம் இரண்டு வாரம் வண்டிச் சாவியைத் தொடவே இல்லை. "இனிமே பஸ்ஸுல போயிடறேம்மா" என்றார். அதுதான் என்னை உறுத்தியது. வண்டி ஓட்டுவது அவருக்குக் கௌரவம். ஒரு செயலி சொன்ன அரைகுறை வார்த்தைக்காக அவர் அதை விட்டுவிடக் கூடாது.

ஏன் இப்படி ஆகிறது என்று படித்துப் பார்த்தேன். செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னலை வைத்து நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைப் போன் ஓரளவு சரியாகக் கணித்துவிடும். உயரத்தைக் கணிப்பதில்தான் பிழை அதிகம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சாலை போனால், வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடு மாதிரிதான். நாம் மேலே போகிறோமா, கீழே போகிறோமா என்று அதற்குத் தெளிவாகத் தெரியாது. பெங்களூரில் வழி தவறுவது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான்.

முதலில், வழிகாட்டுவதற்கென்றே இருக்கும் தனிக் கருவி ஒன்றைச் சோதித்தோம். மாமா வீட்டில் பரணில் கிடந்தது. 5 அங்குலத் திரை, கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் குமிழ், வேறெந்த வேலையும் பார்க்காது. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நடுவில் அழைப்பு வராது, வாட்ஸ்அப் வந்து திரையை மறைக்காது, டேட்டாவும் தேவையில்லை. ஆனால் உள்ளே இருந்த வரைபடம் பழசு. 2024 ஜூலையில் ராகிகுட்டாவிலிருந்து சில்க் போர்டு வரை மெட்ரோவுக்குக் கீழே திறந்த இரண்டடுக்கு மேம்பாலத்தில் போனால், சாலையே இல்லாத இடத்தில் எங்கள் வண்டி மிதப்பதாகக் காட்டியது. புதுப்பிக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் செருகி ஏற்ற வேண்டும். இவ்வளவு வேகமாக மாறுகிற ஊரில் அது ஒத்துவராது.

சரி, போனுக்கே வருவோம் என்றால் அதிலும் தொல்லை. ஏப்ரல் வெயிலில் டேஷ்போர்டில் வைத்த போன் சூடேறித் திரை மங்கிவிடுகிறது. சரியாகத் திரும்ப வேண்டிய இடத்தில் அத்தை அழைக்கிறார். அதை எப்படித் தள்ளிவிடுவது என்று அப்பா விரலால் தடவும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என்ன வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள்? எழுதுங்கள்.

மடிவாளாவிலிருந்து, டாக்ஸி ஓட்டுபவர்:

அக்கா, எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. பதினோரு வருஷமாக இங்கே ஓட்டுகிறேன். அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். தெரியாத மேம்பாலம் வந்து, ஏறுவதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் இடது பக்கம் ஒதுங்கிக் கீழேயே போகட்டும். கீழே தப்பாகப் போனால் அடுத்த சிக்னலில் திரும்பிக்கொள்ளலாம். மேலே தப்பாகப் போனால் அது விடுகிற இடத்தில்தான் இறங்கணும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஹெப்பாளில் இரண்டு தடவை பட்டுத் தெரிந்துகொண்டது இது.

அப்புறம், செயலியில் இருப்பது கார் படமா பைக் படமா என்று கிளம்பும் முன்னால் பாருங்கள். ஒருநாள் என் பையன் என் போனை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போய்வந்தான். இருசக்கர வண்டிக்கான வழியை மாற்றாமலே திருப்பிக் கொடுத்துவிட்டான். அன்றைக்குச் சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் கொண்டுபோய் விட்டது. இரண்டு பக்கமும் கண்ணாடியை மடக்கினேன், அப்படியும் போகவில்லை. பின்னால் தள்ளுவண்டி, எதிரே ஆட்டோ. ஒரு பழக்கடை அண்ணன் இறங்கி வந்து கையைக் காட்டிக் காட்டிப் பின்னோக்கி எடுக்க வைத்தார். வண்டியில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா. அதன் பிறகு அந்தச் சின்னப் படத்தைப் பார்க்காமல் நான் கியர் போடுவதில்லை.

மழை நாளில் எந்தச் செயலியையும் நம்பிச் சுரங்கப்பாதையில் இறங்க வேண்டாம். தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்று அதற்குத் தெரியாது. 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் சிக்கி ஒரு இளம்பெண் இறந்துபோனாள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நினைப்பு வரும்.

ஒயிட்பீல்டிலிருந்து:

எங்கள் வீட்டுப் பிரச்சினை வழியில் இல்லை, விலாசத்தில். இந்த ஊரில் எந்தப் பேட்டையில் ஐந்தாவது கிராஸ், அதாவது குறுக்குத் தெரு, இல்லை? மாமியார் "5வது கிராஸ், 2வது மெயின்" என்று மட்டும் செயலியில் போட்டுவிட்டு வேறொரு பேட்டையில் போய் நின்றார். இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பச் சொல்லி, அதைத் தொட்டுத்தான் கிளம்புகிறோம். கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சிக்னல் போனாலும் வழி தெரியும், நெரிசல் மட்டும் தெரியாது.

மறுபடியும் அல்சூர்:

பதில் எழுதியவர்களுக்கு மனமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சந்தேகம்னா கீழே" என்பதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

நாங்கள் செய்தது இதுதான். என்னுடைய பழைய போனைச் சுத்தமாகத் துடைத்து, வழிகாட்டும் செயலி ஒன்றை மட்டும் வைத்தோம். சிம் கிடையாது. அப்பாவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட். இப்போது அத்தை அழைத்தால் அவர் சட்டைப்பையில் அடிக்கும், வழி காட்டும் திரை அசையாது. டேஷ்போர்டிலிருந்து எடுத்து ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டினோம், சூடும் அடங்கிவிட்டது. குரலைத் தமிழுக்கு மாற்றி, சத்தத்தை முழுசாக வைத்தாயிற்று. மேம்பாலம் வருவதை முன்கூட்டிச் சொல்லும் வசதியை 2024 ஜூலையில் கூகுள் மேப்ஸ் 40 நகரங்களில் கொண்டுவந்தது, மேப்பிள்ஸ் என்ற இன்னொரு செயலியில் சந்திப்புகளைப் படமாகவே காட்டுகிறார்கள். இரண்டையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். படம் பார்க்கக் கண்ணை எடுக்கணும், காதால் கேட்டாலே போதும் என்று அப்பா முதலாவதை எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் இது மாறலாம், காது மந்தமானவர்களுக்குப் படம்தான் சரி. போலீஸ் பிடிப்பார்களோ என்றும் பயந்தார். 2020 அக்டோபர் 1 முதல் அமலான விதியில், கவனம் சிதறாதபடி வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று இருப்பதைக் காட்டிய பிறகுதான் ஸ்டாண்டில் மாட்டவே சம்மதித்தார்.

அவரே கண்டுபிடித்த ஒன்றும் உண்டு. கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி என்னோடு உட்கார்ந்து முழு வழியையும் போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறார். சித்தி வீட்டுக்குப் பேரக்குழந்தையைப் பார்க்கப் போனபோது அதில் "சில்க் போர்டு: கீழே. கூட்லு கேட்: கீழே. சிங்கசந்திரா: இடது" என்று இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, எலக்ட்ரானிக் சிட்டியையும் தாண்டி இருக்கிற ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயிலுக்கு அம்மாவும் அவரும் மட்டும் போனார்கள். அந்தத் தாளில் முதல் வரி, "சில்க் போர்டு: மேலே." அதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.