சர்வே போதுமா, லேப்டாப் லாக் எடுக்கணுமா?

மாஸ்காம்_மாணவி:
வணக்கம். பிஎச்டி ரெண்டாவது வருஷம், காலேஜ் பசங்க லேப்டாப்ல நியூஸ் எவ்ளோ நேரம் படிக்கிறாங்கன்னு பாக்கறேன். சர்வேல கேட்டா எல்லாரும் ஒரு மணி, ரெண்டு மணின்னு ரவுண்டா எழுதித் தர்றாங்க, எனக்கே நம்பிக்கை வரல. கைடு "பேசாம லாகர் போட்டு டேட்டா எடும்மா"ன்றார், அதான் எந்த சைட்டை எவ்ளோ நேரம் திறந்து வச்சிருந்தாங்கன்னு லேப்டாப்லயே பதிவு பண்ற சாஃப்ட்வேர். அந்தப் பதிவை, அதாவது லாகை, மட்டும் வச்சு தீசிஸ் நிக்குமா?

பழைய_பெஞ்சு:
உங்க சந்தேகம் நியாயமானதுதான்மா. 2021ல நேச்சர் ஹியூமன் பிஹேவியர்ல ஒரு மெட்டா அனாலிசிஸ், அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த ஆய்வு, வந்துச்சு. டிஜிட்டல் மீடியாவை எவ்ளோ பயன்படுத்தறோம்னு ஆளுங்க வாயால சொல்ற அளவுக்கும் லாக்ல பதிவான அளவுக்கும் கோரிலேஷன் 0.38தான், ரெண்டும் அப்படியே ஒத்துப்போனா 1 வரணும். அதுக்காக லாக்ல இருக்கறதெல்லாம் வேதவாக்குன்னு நெனச்சிடாதீங்க. நான் எடுத்தப்போ உயிரை வாங்கினது ஐடில் டைம், அதான் லேப்டாப் ஓடும், ஆனா யாரும் தொடாத நேரம். அஞ்சு நிமிஷம் கீபோர்டு மவுஸ் அசையலன்னா ஆள் இல்லன்னு செட் பண்ணியிருந்தேன், வீடியோ நியூஸ் பாத்தவங்க பூரா கணக்குலயே வரல, சரின்னு அரை மணி நேரமா மாத்தினா பேப்பர் சைட்டைத் திறந்து வச்சிட்டு டீக்கடைக்குப் போனவன்லாம் பெரிய வாசகன் ஆயிட்டான். எந்த கட்ஆஃப் வச்சீங்கன்னு தீசிஸ்ல எழுதிடுங்க, ரெண்டு மூணு கட்ஆஃப்ல ஓட்டியும் பாருங்க.

கீபோர்டு_கிறுக்கன்:
எங்க வீட்ல ஒரே லேப்டாப், ஒரே லாகின். லாகர் போட்டீங்கன்னா எங்கம்மா பாக்கற சீரியல் பூரா என் கணக்குல ஏறும் 😀

மாஸ்காம்_மாணவி:
அய்யோ, இதை யோசிக்கவே இல்ல. போன்ல படிக்கறதும் விட்டுப்போகும்ல?

பழைய_பெஞ்சு:
கண்டிப்பா. அதனாலதான் சர்வேயைத் தூக்கிப் போடாதீங்க. லேப்டாப்பை வேற யார் தொடுறாங்க, மீதி நியூஸ் எதுல பாக்கறாங்கன்னு அதுல கேளுங்க. படிச்சது மண்டையில ஏறுச்சா, நம்பினாங்களான்னும் லாக் சொல்லாது.

டேட்டா_அக்கா:
ஒண்ணு சொல்லணும்மா, விண்டோ டைட்டிலை, அதான் திறந்திருக்கற பக்கத்தோட தலைப்பை, லாகர்ல சேமிக்காத. ஜிமெயில்ல ஒரு மெயிலைத் திறந்தா அதோட சப்ஜெக்ட் அப்படியே டைட்டில்ல வந்து விழும், அதுல பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டும் இருக்கலாம், பிரேக்அப்பும் இருக்கலாம். ஸ்டான்ஃபோர்டுல ஸ்க்ரீனோமிக்ஸ்னு 5 செகண்டுக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆராய்ச்சி பண்றாங்க, அதுக்குத் தக்க பாதுகாப்பும் ஆளும் உங்கிட்ட இருக்கா? உன் கேள்விக்கு சைட் பேரும் நேரமும் போதும். வேணும்கிறப்ப நிறுத்தி வைக்க ஒரு பட்டனும் குடு.

மாஸ்காம்_மாணவி:
பட்டனை அமுக்கி வச்ச நேரம் டேட்டால ஓட்டையா நிக்குமே அக்கா?

டேட்டா_அக்கா:
நிக்கட்டும். எத்தனை பேர், எவ்ளோ நேரம் அமுக்கினாங்கன்னு அதையும் எண்ணி எழுது.